ஒரே கையெழுத்தில் அறுபத்தொரு படிவங்கள்

என் மாமியார் நகரசபைக்கு அனுப்பிய விண்ணப்பத்தைத் தள்ளி வைத்தவன் நான். அது அவருடையது என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சந்தோஷமாகத் தள்ளியிருப்பேன் என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் என் மாமியார் வைக்கும் மீன்குழம்பைச் சாப்பிடாதவர்கள். அவருடையதோடு சேர்த்து இன்னும் அறுபது பேருடைய விண்ணப்பங்களையும் ஒதுக்கினேன். ஒதுக்கினேன் என்றால் கிழித்து எறியவில்லை. அதைவிட நாகரிகமாக, "ஒன்றாக எண்ணப்பட்டது" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி, அறுபத்தொரு மனிதர்களை ஒரே மனிதராகச் சுருக்கினேன். அப்படிச் சுருக்கலாம் என்ற விதியை எழுதியவனும் நான்தான். அந்த விதிக்காக எனக்கு ஒரு பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அதை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம், நான் வேலை செய்த நகரசபையில் இருந்து இரண்டு இளம் பொறியியலாளர்கள் என்னைத் தொலைபேசியில் பிடித்தார்கள். மக்கள் எழுதி அனுப்பும் கருத்துகளைப் படித்து, ஒரே மாதிரி இருப்பவற்றைத் தானே பொறுக்கி ஒதுக்குகிற மென்பொருள் ஒன்றைச் சபை வாங்கப் போகிறதாம். நீங்கள் இருந்த காலத்தில் இதைக் கையாலேயே செய்தீர்களாமே அண்ணை, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். கையால் செய்ததில் ஒரு வசதி உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பிழைதான் விடலாம் என்று ஓர் எல்லை இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அன்று சரியான பதில் சொல்லவில்லை. அதிலிருந்து நித்திரை சரியில்லை.

என் ஆரம்பகாலத்தை நீட்ட வேண்டியதில்லை. இலங்கையில் படித்து வாங்கிய சிவில் பொறியியல் பட்டத்தோடு சிட்னிக்கு வந்தேன். அதை இங்கே யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவினேன். பிறகு மேற்குப் பக்கத்தில் ஒரு நகரசபையில் நில அளவைக்காரருக்குக் கோல் பிடிக்கிற வேலை. எட்டு மாதம் கோலை ஆடாமல் அசையாமல் பிடித்ததைப் பார்த்து, இவன் பொறியியலாளனாக இருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டார்கள். முதலில் வடிகால், பிறகு வீதி, கடைசியில் நடைபாதை. இருபத்தாறு வருடம் முடிந்தது.

கடைசிப் பத்து வருடமும் என் முகாமையாளராக இருந்தவர் ஹெலன். உயரமான பெண்மணி. எந்த அறிக்கையையும் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் எழுதியவன் மீது இரக்கம் வந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. கையில் ஒரு பச்சைப் பென்சில் இருக்கும். பிழை கண்டால் அடிக்கோடு போட மாட்டார். அந்த இடத்தில் ஒரு சிறிய புள்ளி வைத்துவிட்டுத் தாளைத் திருப்பித் தருவார். என்ன பிழை என்று நாமே தேட வேண்டும். ஒருமுறை அரை நாள் தேடிக் களைத்துப்போய் அவரிடமே கேட்டேன். அது பிழை இல்லை, பென்சில் தவறி விழுந்தது என்றார். கோபம் வந்தால் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அவர் கண்ணாடி மேசைக்கு வந்தால் நாங்கள் கதிரையை விட்டு எழும்ப ஆயத்தமாக வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசாங்கம் நிவாரணமாக நகரசபைகளுக்குப் பணம் பிரித்துக் கொடுத்தது. ஊரில் வேலை நடக்க வேண்டும், கடைக்காரரும் கூலிக்காரரும் பிழைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பணம் இரண்டு கால் உள்ள பணம், பிடிக்காவிட்டால் ஓடிவிடும். உடனே தொடங்கக்கூடிய வேலையாக இருக்க வேண்டும், குறித்த நாளுக்குள் முடிய வேண்டும், சபை ஏற்கெனவே செய்யவிருந்த வேலையாக இருக்கவும் கூடாது. அப்படிப்பட்ட வேலைகளுக்கு ஒரு பட்டியல் போடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வகையில் புள்ளி. வரைபடம் தயாரா, பயன் எவ்வளவு, மக்கள் ஆதரவு இருக்கிறதா. மூன்றாவதில்தான் சிக்கல். முந்தைய ஒரு கருத்துக்கேட்பில் டென்னிஸ் கழகத்தார் ஒரே மின்னஞ்சலை நகலெடுத்து நகலெடுத்து அனுப்பிச் சபையை நிரப்பியிருந்தார்கள். அதனால் இம்முறை நான் புத்திசாலித்தனமாக ஒரு விதி எழுதினேன். ஒரே வாசகத்தோடு வருகிற கருத்துகள் எத்தனை வந்தாலும் அவை ஒன்றாகவே எண்ணப்படும். ஹெலன் நின்றபடி படித்தார். புள்ளி வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அந்தப் பாராட்டு மின்னஞ்சல் வந்தது அன்றைக்குத்தான்.

விதியைச் சபையின் இணையத்தளத்தில் போட்டோம். டென்னிஸ் கழகத்தார் அதைக் கவனமாகப் படித்தார்கள். இம்முறை ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் சொற்களில், தங்கள் தங்கள் முழங்கால் வலியையும் பேரப்பிள்ளைகளையும் பற்றி எழுதி, மைதானத்துக்கு விளக்குக் கம்பம் கேட்டார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. விதியைப் படித்து விதிப்படி நடந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் வரைபடமும் தயாராக இருந்தது. பட்டியலில் முதலிடத்துக்குப் போனார்கள்.

அதே வாரம் ஒரு கட்டுத் தாள் படிவங்கள் வந்தன. எங்கள் எல்லையில், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற வெஸ்ட்மீட் பக்கமாகப் போகிற ஒரு வீதிக்கு நடைபாதை வேண்டும் என்று கேட்டு. அறுபத்தொரு படிவம், அறுபத்தொரு பெயர், எல்லாம் ஒரே கையெழுத்து. சாய்ந்து ஓடுகிற, வளைவு வளைவான, அழகான ஆங்கிலக் கையெழுத்து. எல்லாவற்றிலும் "பணிவன்புடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைவது யாதெனில்" என்ற தோரணையில் ஒரே வாசகம், ஒரு காற்புள்ளிகூட மாறாமல். பெயர்களை மேலோட்டமாகப் பார்த்தேன். முக்கால்வாசி நம்மவர்கள். எனக்கு வெட்கம் வந்தது. பாருங்கள், நம்மவர்கள் இங்கு வந்தும் தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று நினைத்தேன். நம்மவர்களுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் வேறு. பெயர்களை முழுக்கப் பார்க்கக்கூட இல்லை; பார்த்தால் தெரிந்தவர் யாரும் இருந்துவிடுவாரோ என்று. ஒன்றாக எண்ணினேன். நடைபாதை பட்டியலின் அடிக்குப் போனது.

நான்கு நாள் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது மாமி கேட்டார்.

"தம்பி, எங்கட படிவம் என்ன மாதிரி? கந்தோருக்கு வந்து சேர்ந்ததோ?"

எந்தப் படிவம் என்று கேட்டேன்.

"அந்த டயாலிசிஸ் இடத்துக்குப் போற றோட்டுக்கு. சூசை மாஸ்டர்தான் எல்லாருக்கும் எழுதித் தந்தவர். அவரின்ர எழுத்து நல்லாயிருக்குமெல்லோ."

இடியப்பம் வாயில் இருந்தது. 

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியிருக்க வேண்டியது முதல் நாளே. நான் பிறந்த ஊரில் அரசாங்கத்துக்கு எதையாவது எழுத வேண்டுமென்றால் யார் தானே எழுதினார்கள்? ஆங்கிலம் தெரிந்த, கையெழுத்து நல்ல ஒருவரிடம்தான் போவார்கள். அவர் எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பார். எழுத்து எவ்வளவு அழகோ அவ்வளவு மரியாதை. வாசகம் எவ்வளவு ஒன்றாக இருக்கிறதோ அவ்வளவு ஒற்றுமை. நானே அப்படி ஒருவரிடம் எழுதுவித்த கடிதத்தோடுதான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். அதையெல்லாம் அறிந்த ஒரே ஆள் அந்த நகரசபைக் கந்தோரில் நான்தான். நான்தான் அவற்றை ஒதுக்கினேன்.

சூசை மாஸ்டர் மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாவற்றுக்கும் ஏன் ஒரே வசனத்தை எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"ஐசே, ஒரு நல்ல வசனம் எழுத எனக்கு ரெண்டு நாள் எடுத்தது. அறுபது பேருக்கு அறுபது வசனமோ? நீர் எழுதிப் பாரும்."



ஹெலனிடம் சொல்லப் போனேன். லொக்டவுண் காலம், அவர் மட்டும் கந்தோருக்கு வந்துகொண்டிருந்தார். அறையின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் நான், இருவர் முகத்திலும் முகக்கவசம். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடி மேசைக்கு வந்தது. நான் எழும்பி நின்றுகொண்டேன். விதியை எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். கையெழுத்து வைத்தது யார் என்றார். நீங்கள் என்றேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, செவ்வாய்க்கிழமை சபை கூடுகிறது, அதற்குள் அறுபத்தொரு பேருடனும் நீயே பேசு என்றார். அவர்கள் தனித்தனி ஆட்கள்தானா, ஒவ்வொருவரும் தன் வாயால் என்ன சொல்கிறார் என்று எழுதிக்கொண்டு வா. அதுதவிர, உன் மாமியாருடைய படிவத்தை எடுத்துவிடு, உன் வீட்டில் இருப்பவர் அவர். ஆக, மறுபடி எண்ணி முடித்த பிறகும் மாமியின் படிவம் தள்ளுபடிதான். இம்முறை தெரிந்தே தள்ளினேன். அன்று மாமி சோறு போட்டார், குழம்பை எட்டத்தில் வைத்தார்.

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாளும் தொலைபேசியும் கையுமாக வீட்டுக் குசினி அடுப்புக்கும் வாகனக் கொட்டகைக்கும் நடுவில் நடந்தேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முதல் பதினைந்து பேர் பயங்கரம். நான் யார் என்று சொல்வதற்குள் எந்த ஊர், யாருடைய மகன், மனைவி எந்த ஊர், பிள்ளைகள் கலியாணம் முடித்துவிட்டார்களா என்று முழு விசாரணை. அதற்குப் பிறகு விஷயத்துக்கு வந்தால் எல்லாருக்கும் ஒரே பதில்.

"மாஸ்டர் எழுதினது சரிதான் தம்பி."

"அது சரி அன்ரி. உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கென்ன வேணும். நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ."

பார்த்துச் செய்யுங்கோ என்பதை நான் எந்தப் பெட்டியில் நிரப்புவது? அறுபது பேரும் அதையே சொன்னால் அது மறுபடி ஒன்றாகிவிடும். நானே எழுதிய விதியின் வாய்க்குள் நானே அகப்பட்டேன். சும்மா சொல்லக் கூடாது, உறுதியான விதி.

பதினாறாவது ஆளிடம் கேள்வியை மாற்றினேன். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கடைசியாக அந்த வீதியால் எப்போது நடந்தீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், அணை உடைந்தது. ஒரு அம்மா மழை நாளில் புல்லில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த கதையைச் சொன்னார். இன்னொருவர் குழந்தை வண்டியை வீதியில் தள்ளிப் போனபோது கார்க்காரன் ஹோர்ன் அடித்த கதையை. ஒருவர் அந்த வீதிக்குப் பயந்து சுற்றுவழியால் அரை மணி நேரம் கூடுதலாக நடக்கிறார். இருபது நிமிடத்துக்குக் குறைந்து யாரும் பேசவில்லை. நெடுநாள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள். பேச ஆள் கிடைத்தால் விடுவார்களா? இளம் பொறியியலாளர்களே, நான் இருபத்தாறு வருடத்தில் கண்டுபிடித்த ஒரே தொழில்நுட்பம் இதுதான். இதற்கு மென்பொருள் வந்ததா என்று தெரியாது.

எல்லாரும் எனக்கு வசதியாகப் பேசவில்லை. ஒரு ஐயா தனக்கு நடைபாதையே வேண்டாம், பஸ் தரிப்பிடத்தில் உட்கார ஒரு வாங்கு போட்டால் போதும் என்றார். பின்னே ஏன் கையொப்பம் வைத்தீர்கள் என்று கேட்டேன். மாஸ்டர் வீடு தேடி வந்தவர், எப்படி மாட்டேன் என்கிறது என்றார். வேறு சிலருக்குப் படிவத்தில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை. அவர்களை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எழுதினேன். கடைசியில் ஐம்பத்திரண்டு தேறியது.

ஒருவர் மட்டும் தொலைபேசியை எடுக்கவே இல்லை. பட்டியலில் பிலோமினா என்று இருந்தது. திங்கள் காலை அந்த வீதிக்கே போனேன். எப்படியும் அளக்க வேண்டியிருந்தது. தூரம் அளக்கிற சக்கரச் சில்லை உருட்டிக்கொண்டு பாதித் தூரம் போனபோது எதிரே வந்தார்கள். அறுபது தாண்டிய ஒரு பெண், சக்கர நாற்காலியை வீதியின் ஓரத்தில் தள்ளிக்கொண்டு. நாற்காலியில் மெலிந்த ஒரு மனிதர், மடியில் ஒரு பை. புல்லில் தள்ள முடியாது, மேடும் பள்ளமும். ஆகவே கார்கள் வருகிற தார் ரோட்டில். பெயரைக் கேட்டேன், அவர்தான். நகரசபை என்றேன்.

"அளக்க வந்தனீங்களோ?"

"ஓம் அக்கா."

"அளவுங்கோ" என்றுவிட்டு நிற்காமல் போனார்.

திரும்பி அவர்களோடு நடந்தேன். வாரத்தில் மூன்று நாள் கணவருக்கு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். முன்பு ஆஸ்பத்திரி வண்டி வீட்டுக்கே வரும். கொரோனா வந்த பிறகு ஒரு வண்டியில் ஒருவர்தான் என்றாக்கி, கிட்ட இருப்பவர்களை நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு கிட்டத் தூரத்துக்கு டாக்சிக்காரர் வருவதில்லை. பிந்திப் போனால் மிசினில் இருக்கிற நேரம் குறைந்துவிடும், அடுத்த ஆள் காத்திருப்பார். நேரம் குறைந்த நாட்களில் அவருக்குக் கால் வீங்கும், இரவில் மூச்சு முட்டும். பிலோமினா அக்கா இதையெல்லாம் நேராகப் பார்த்தபடி, நடையைக் குறைக்காமல் சொன்னார். ஒரு லொறி உரசுவதுபோலப் போனது. நான் புல்லுக்குப் பாய்ந்தேன். அவர்கள் பாயவில்லை, நாற்காலியோடு எங்கே பாய்வது? நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பெயர் செபமாலை.

"பயப்பிடாதேங்கோ தம்பி. கார் வந்தா முதல் எனக்குத்தான். அதுக்குத்தான் என்னை முன்னுக்கு வச்சுத் தள்ளுறா."

அக்கா சிரிக்கவில்லை. உங்களுக்கு என்ன வேணும் அக்கா என்று, கேட்கக் கூடாத கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டேன். பார்த்துச் செய்யுங்கோ என்று அவர் சொல்லவில்லை.

"றோட்டை விட்டு இறங்கோணும்."

அறிக்கையில் அதை மொழிபெயர்த்து முதல் வரியாகப் போட்டேன். ஹெலன் படித்துவிட்டு, அந்த வரியின் பக்கத்தில் புள்ளி வைத்தார். நான் பதறிப்போய்த் தேடினேன். ஒன்றுமில்லை, இதற்கு மேலே எதுவும் எழுதாதே என்பதற்காக வைத்தது என்றார்.

செவ்வாய்க்கிழமை சபை காணொளியில் கூடியது. நான் எழுதிய விதி பிழையான இடத்தில் வெட்டியது என்றும், வசனம் ஒன்றாக இருந்தாலும் ஆட்கள் ஒன்றல்ல என்றும் சொன்னேன். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் என் மனைவியின் தாயார், அவருடையதை நீக்கிவிட்டோம் என்பதையும் பதிவு செய்தேன். அவர் எந்தப் பக்கம் என்று ஓர் உறுப்பினர் நட்பாகக் கேட்டார். வழக்கம்போல எனக்கு எதிர்ப்பக்கம் என்றேன். சிரித்தார்கள். சிரித்தபடியே வாக்களித்தார்கள். டென்னிஸ் விளக்குகள் பாதியாயின. நடைபாதை பட்டியலில் ஏறியது. வரைபடம் ஒன்றும் தயாராக இல்லையே என்று ஒருவர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைக்குள் தயார் என்று ஹெலன் சொன்னார். யார் வரைவார் என்று என்னைக் கேட்கவில்லை. நான்தான் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

வரைந்தேன். வீதியின் நடுப்பகுதியில், பாதை போக வேண்டிய இடத்தில் ஒரு மின்கம்பம். அதை நகர்த்த மின்சாரக் கம்பனியின் அனுமதி வர மாதக் கணக்காகும்; பணம் அதுவரை காத்திராது. ஒரு பக்கம் கம்பம், மறு பக்கம் தனியார் மதில். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி மட்டுமட்டாகப் போகும். கம்பத்தில் பாதையை ஒடுக்கினேன். விதிப்படி சரி. விதிப்படி சரியாக இருந்தவற்றைப் பற்றி எனக்கு அதற்குள் நல்ல அபிப்பிராயம் இல்லாமல் போயிருந்தது. ஆனால் அந்த நான்கு நாட்களை முதலிலேயே நான் தின்னாமல் இருந்திருந்தால் கம்பத்துக்கு ஒரு வழி தேடியிருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே தொடங்கிவிட்டது.

பாதை போட்டார்கள். அடுத்த வருடம் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள், ஹெலன் உட்கார்ந்து சாப்பிட்டதை முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகும் நான் அந்த வீதிக்குப் போவதை விடவில்லை. மனைவி நடைப்பயிற்சி என்று நினைக்கிறாள். சட்டைப் பையில் அளவு நாடா இருக்கும். கம்பத்துக்கும் மதிலுக்கும் இடையை அளப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே அளவுதான். கொங்கிரீட் வளராது என்று எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளும் தொலைபேசி எடுத்த மறுநாள் காலையும் போனேன். கம்பத்தடியில் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது பிலோமினா அக்கா நாற்காலியோடு வந்தார். செபமாலை அண்ணை முன்னைவிட மெலிந்திருந்தார். என்னைக் கண்டு கை தூக்கினார். இத்தனை நாள் இவர்களிடம் நான் சொல்லவில்லையே என்று ஏதோ உந்தியது. அவர்கள் கண்ணில் நான் பாதை போட்டுத் தந்த தம்பி. நிமிர்ந்து, கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் படிவத்தை முதலில் ஒதுக்கியது நான்தான் அக்கா என்று தொடங்கி, அந்த விதி, பாராட்டு மின்னஞ்சல், மாஸ்டரின் கையெழுத்து, நான் வீணாக்கிய நாட்கள், அதனால் நகராமல் போன இந்தக் கம்பம், எல்லாம். மன்னிப்பும் கேட்டேன். ஐந்து நிமிடமாவது பேசியிருப்பேன். அக்கா நாற்காலியின் கைபிடியை விடாமல் நின்று முழுக்கக் கேட்டு முடித்தார்.

"வழியை விடுங்கோ தம்பி."